போனை வைக்கத் தெரியாத பெட்டி

இணையத் தொலைபேசி கேட்வே ஒன்றின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வசதிகளைப் படித்து முடிக்கவே ஒரு காபி நேரம் ஆகும். வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் காதில் சன்னமாகச் சொல்லும். மூன்று பேரைச் சேர்த்துப் பேசவைக்கும். வேண்டாத எண்ணை வாசலிலேயே நிறுத்தும். கடை சாத்திய பிறகு மணி அடிக்காமல் அடங்கியிருக்கும். இத்தனையும் உண்மை, இத்தனையும் வேலை செய்கிறது. புதிதாகப் பிரித்து வைத்த நாளில் ஒன்றே ஒன்று மட்டும் அதற்குத் தெரியவில்லை: எதிர்முனையில் இருந்தவர் பேசி முடித்துப் போனை வைத்துவிட்டார் என்பது.

பிராண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைப் பெட்டிகளை நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன. அமைப்புப் பக்கங்களைத் திறந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பிகள் என்று புரிந்துவிடும். ஒருவரைத் திட்டினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். என் பழைய விசுவாசம் எதன் மேல் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப்புரா என்ற சிறு கம்பெனியை 2005-இல் சிஸ்கோ வாங்கியது. அந்தப் பரம்பரையில் லிங்க்சிஸ் பெயரோடு வந்த எஸ்.பி.ஏ.3102 என்ற பெட்டி. அதன் அமைப்புப் பக்கத்தில் அழகு என்று எதுவும் கிடையாது. ஆனால் ஒரு டெலிபோன் லைனைப் பற்றி எக்ஸ்சேஞ்ச்காரர் என்னென்ன கேட்பாரோ அத்தனைக்கும் ஒரு கட்டம் இருக்கும். அது கடையை விட்டுப் போய் வெகுநாளாகிறது. இப்போது வருபவை வழவழப்பானவை, கட்டங்கள் குறைந்தவை.

மதுரை கீழமாசி வீதியில் மாமாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். முன்னால் கடை, பின்னால் குடோன், மாடியில் வீடு. 0452-வில் தொடங்கும் கடை எண் பில் புத்தகத்திலும், பழைய சாக்குகளின் முத்திரையிலும், விருதுநகரிலிருந்து கம்பம் வரை உள்ள கடைக்காரர்களின் டைரியிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. செல்போன் எண் எத்தனை மாற்றினாலும் அவர்கள் கூப்பிடுவது இதைத்தான். போதாக்குறைக்கு, சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே செல்போன் கோபுரங்கள் மூச்சுத் திணறும்போது, கல்லாவில் இருக்கும் லேண்ட்லைன் ஒன்றுதான் கணீரென்று பேசும். சிக்கல் என்னவென்றால் அது கல்லாவில் இருக்கிறது; மாமா குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் மாடியில் இருப்பார். மணி அடித்து அடித்து ஓயும்.

ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே கொடுத்து வாங்கிய இந்தப் பெட்டி அதற்குத்தான். ஒரு துளையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கம்பி, அது எஃப்.எக்ஸ்.ஓ. இன்னொரு துளையில் கல்லாவில் இருக்கும் பழைய போன், அது எஃப்.எக்ஸ்.எஸ். மூன்றாவதில் கட்டடத்து நெட்வொர்க். லைனில் மணி அடித்தால் கல்லாப் போனும் அடிக்கும், வைஃபையில் இருக்கும் மாமாவின் செல்போனில் உள்ள செயலியும் அடிக்கும். யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு அழைப்பு. மற்ற விவரக்குறிப்பெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது, ஒலிக் கோடெக் பட்டியலைப் படித்து யாரும் பெட்டி வாங்குவதில்லை.

முதல் நாள் காலையில் எல்லாம் ஜோராக இருந்தது. மாமா குடோனிலிருந்தே விருதுநகர் விலை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டார். மதியம் எனக்குக் கூப்பிட்டார், செல்லிலிருந்து.

“மாப்ள, பெட்டி வெச்சதிலிருந்து ஒரு பய கூப்பிட மாட்டேங்கிறான்யா.”

நான் கடை எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். எங்கேஜ்டு. கால் மணி நேரம் கழித்தும் எங்கேஜ்டு. நேரில் போனபோது மாமா, “நான் யாருகிட்டயும் பேசலையே” என்று சத்தியம் செய்தார். அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து பீ... பீ... பீ... என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். செல்போனில் பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது: எதிராளி வைத்துவிட்டால் நம் போன் தானாக அடங்கிவிடும், நாம் எதையும் அமுக்க வேண்டாம். மாமாவும் பேசி முடித்து அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டார். விருதுநகர்க்காரர் வைத்துவிட்டார். எக்ஸ்சேஞ்ச் தன் கடமையாக பிஸி டோனை ஒலித்தது. பெட்டியோ அதையும் யாரோ பேசும் பேச்சு என்று நினைத்து, இணைய வழியில் ஒழுங்காகப் பொட்டலம் கட்டி மாமாவின் பைக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தது. விருந்தாளி ஆட்டோ ஏறிப்போன பிறகும் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்கும் மனிதர்களை நம் தெருவில் பார்த்திருக்கிறோமே, இந்தப் பெட்டி அந்த ஜாதி.

குரல் அஞ்சல் வசதியையும் இயக்கியிருந்தேன். அதில் சேர்ந்திருந்த தகவல்களைக் கேட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு ‘அலோ’, ஒரு ‘அண்ணாச்சி இருக்காகளா’, பிறகு பதிவு நிற்கும் வரை பீ... பீ...

லேண்ட்லைனில் எதிர்முனை துண்டித்ததை ஒரு பெட்டி எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகள் பல, எதிராளி வைத்ததும் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்திக் காட்டும். அந்த வெட்டைப் பார்த்ததும் கேட்வே போனை வைத்துவிடும். சந்தேகத்துக்கே இடமில்லாத வழி அது. இந்தப் பெட்டிகளை வடிவமைக்கிறவர்கள் மனதில் இருக்கும் உலகமும் அதுதான். நம் ஊர் சாதாரண இணைப்பில் அந்த வெட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. இன்னொரு வழி துருவ மாற்றம்: இரண்டு கம்பிகளின் பிளஸ் மைனஸை எக்ஸ்சேஞ்ச் தலைகீழாக்குவது. இது நமக்குப் புதிதல்ல. பெரியார் பஸ் நிலையத்தைச் சுற்றி வரிசையாக நின்ற மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகளில், கண்ணாடி அறைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடிய மீட்டரை நினைத்துப் பாருங்கள். எதிர்முனை எடுத்துவிட்டது, காசு எண்ணத் தொடங்கு என்று அந்த மீட்டருக்குச் சொன்னது இந்தத் துருவ மாற்றம்தான், அல்லது எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய 16 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு. பூத் வைத்தவருக்குக் கிடைத்த மரியாதை சாதாரண இணைப்புக்குத் தானாகக் கிடைப்பதில்லை.

மிச்சம் இரண்டு வழிகள். லைனில் இத்தனை நொடி மௌனம் நீடித்தால் வைத்துவிடு என்று சொல்லலாம். பீ... பீ... கேட்டுக்கொண்டே இருக்கும்போது மௌனம் எங்கிருந்து வரும்? ஆக, கடைசி வழிதான் கதி: பிஸி டோனைக் காதால் கேட்டு அடையாளம் கண்டுகொள்வது.

இங்கேதான் என் எரிச்சலின் மையம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு டோன். அமெரிக்க பிஸி டோன் 480 ஹெர்ட்ஸும் 620 ஹெர்ட்ஸும் கலந்தது, அரை நொடி ஒலித்து அரை நொடி ஓயும். நம்முடையது 400 ஹெர்ட்ஸ் மட்டும், 0.75 நொடி ஒலி, 0.75 நொடி ஓய்வு. இதெல்லாம் யாரும் மறைத்து வைத்த ரகசியமல்ல. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒவ்வொரு நாட்டின் டோன்களையும் பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறது. ஆஸ்டரிஸ்க் என்ற இலவசத் தொலைபேசி மென்பொருளோடு வரும் டோன் கோப்பில் இந்தியாவுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. டயல் டோன் என்பது 25 ஹெர்ட்ஸால் அசைக்கப்பட்ட 400, மணி 0.4 நொடி அடித்து 0.2 ஓய்ந்து மறுபடி 0.4 அடித்து 2 நொடி அமைதி, பிஸி இன்னது, நெரிசல் டோன் இன்னது என்று வரிவரியாக. ‘ட்ரிங்-ட்ரிங்’ என்று நாம் இரட்டையாகக் கேட்டு வளர்ந்த மணியின் கணக்கு அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

இந்தப் பெட்டியிலும் நாடு தேர்ந்தெடுக்கும் பட்டியல் உண்டு. அதில் இந்தியாவும் உண்டு. ஆசையோடு தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தால், துண்டிப்பு டோன் கட்டத்தில் அதே 480, 620 அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நாடு என்ற தேர்வு கம்பிக்கு ஏற்ற மின்னெதிர்ப்பை (இம்பீடன்ஸ்) மட்டும்தான் மாற்றும் என்பது கையேட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நேர மண்டலத்தைத் தனியாக மாற்ற வேண்டும், டோனைத் தனியாக மாற்ற வேண்டும், மணியைத் தனியாக மாற்ற வேண்டும். ஆக ‘இந்தியா’ என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது ஒரு மின்னெதிர்ப்பு அளவை.

சரி, கையாலேயே எழுதலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த தொல்லை. ஒலிக்கும் நேரம், ஓயும் நேரம் என்று இரண்டு எண்கள் கேட்கிறது. என்ன அளவில் என்று சொல்லவில்லை. பொறியாளர் மனம் மில்லிநொடிக்குத்தான் முதலில் போகும். 750 என்று எழுதினால் பெட்டி ஒப்புக்கொள்ளும், திட்டாது, ஆனால் ஏழரை நொடி நீளமுள்ள ஒரு பீப்புக்காக ஆயுள் முழுக்கக் காத்திருக்கும். இந்தக் கட்டத்தின் அளவு 10 மில்லிநொடி. எழுத வேண்டியது 75. அதை மட்டும் கட்டத்தின் பக்கத்தில் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தால் இந்தக் கட்டுரையில் ஒரு பத்தி குறைந்திருக்கும்.

டயல் டோனுக்கு இன்னொரு வேடிக்கை. 400-ஐ 25-ஆல் அசைத்தால் உண்மையில் மூன்று அதிர்வெண்கள் கிடைக்கும்: 375, 400, 425. பெட்டியில் இரண்டுக்குத்தான் இடம். ஏதோ இரண்டைப் போட்டுச் சமாளிக்கலாம். காது கேட்கும் டயல் டோன் கொஞ்சம் வேற்றூர்த்தனமாக இருக்கும், வேலை கெடாது. கணக்குப்பிள்ளை மட்டும் ரிசீவரைக் காதில் வைத்ததும், “தம்பி, டோன் ஒரு மாதிரி இருக்கே?” என்றார். அவர் காதுக்கு என் மரியாதை.

400, 75, 75 எழுதியதும் பெட்டி போனை வைக்கக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதும் அளவுக்கு மீறிய ஆர்வம் வந்துவிட்டது. எத்தனை முறை பீப் கேட்டால் துண்டிக்கலாம் என்ற எண்ணிக்கை ஒன்றில் நிற்கிறது. அதிர்வெண்ணில் எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பும் தாராளமாக இருக்கிறது. திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து சமையல் மாஸ்டர் துவரம்பருப்பு ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நாகசுரம் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தியது. பெட்டி போனை வைத்துவிட்டது. மாஸ்டர் மறுபடி கூப்பிட்டு, “என்ன அண்ணாச்சி, பேசும்போதே வெச்சுட்டீக?” என்று கோபித்துக்கொண்டார். மாமா அதற்கு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

எண்ணிக்கையை மூன்றாக்கினேன். ஒரு சுற்று ஒன்றரை நொடி என்றால் மூன்று சுற்றுக்கு நாலரை நொடி. எதிராளி வைத்து நாலரை நொடி கழித்து லைன் விடுபடும். எந்த நாகசுரக்காரரும் 0.75 நொடி வாசித்து, அதே அளவு நிறுத்தி, மூன்று முறை தாளம் தப்பாமல் 400 ஹெர்ட்ஸ் தரமாட்டார். அதற்குப் பிறகு நடுவில் அறுந்த அழைப்பு என்று புகார் இல்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்த வேளையில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தது. எண் அதேதான், கல்லாவில் போனும் அதேதான். ஆனால் சுவரில் புதிதாக மாட்டிய ஃபைபர் மோடத்தின் போன் துளையிலிருந்து இப்போது லைன் வருகிறது. நாம் லேண்ட்லைன் என்று சொல்லிக்கொண்டிருப்பது தெருமுனை வரையில்கூட இல்லை, சுவர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் எல்லாம் இணையத் தொலைபேசியே. டயல் டோனையும் பிஸி டோனையும் தருவது எக்ஸ்சேஞ்ச் அல்ல, அந்த மோடம். மறுநாளே மாமாவின் பை மறுபடி பீப் போட ஆரம்பித்தது.

இந்தத் தடவை பீப்பின் நடை வேறு: பீபீபீபீ என்று அவசரம். அதைச் செல்போனில் பதிவு செய்து ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். உயரம் அதே 400. ஆனால் கால் நொடி ஒலி, கால் நொடி ஓய்வு. இந்தியப் பட்டியலில் அது பிஸி டோன் இல்லை, நெரிசல் டோன். எதிராளி வைத்தால் இதைக் கொடு என்று மோடத்தின் மென்பொருளில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கட்டத்தில் 75 இருந்த இடத்தில் 25 எழுதி, சுற்று எண்ணிக்கையை ஆறாக்கினேன். அடங்கியது. இதே பெட்டியை வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உபாயம் இதுதான். புத்தகத்தில் இருக்கும் எண்ணை நம்பி உட்காராதீர்கள். உங்கள் லைனில் எதிராளி வைத்த பிறகு என்ன சத்தம் வருகிறதோ அதைப் பதிவு செய்து, அளந்து, அதை எழுதுங்கள். துண்டிப்பு டோனுக்கு இரண்டு கட்டமாவது கொடுத்திருக்கலாம். என் பழைய எஸ்.பி.ஏ.3102-இல் அந்த வரியை எழுதும் விதமே தனி: அதிர்வெண், ஒலியளவு, ஒலி, ஓய்வு என்று ஒரே சரமாக நீட்டி எழுதலாம். பெருமூச்சு.

கூப்பிடுகிறவரின் எண்ணைக் காட்டும் வசதியிலும் நாடு நாடாகப் பிரிவினை. ஒரு முறையில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே மோடம் பேசும் மொழியில் எண் வரும். இன்னொன்றில், பொத்தான் அமுக்கினால் வரும் அதே டோன்களாக, மணிக்கு முன்பே வரும். ஆஸ்டரிஸ்க்கில் இந்த இரண்டாவது வகைக்கு, துருவம் மாறியதும் எண்ணைக் கேட்கத் தொடங்கு என்று இந்தியாவின் பெயரிலேயே ஒரு தேர்வை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு புண்ணியவான் நம் லைனோடு மல்லுக்கட்டியிருக்கிறார். இந்தப் பெட்டியில் பட்டியலில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், ஒன்று பிடித்துக்கொண்டது. புகார் இல்லை.

டயல் திட்டம் என்ற பகுதிக்கு வருவோம். பயந்துகொண்டே திறந்த பக்கம், கடைசியில் எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த பக்கமாகிவிட்டது. எந்த எண் எத்தனை இலக்கத்தில் முடியும் என்று பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் கடைசி எண்ணை அமுக்கிய பிறகும் இன்னும் வருமோ என்று நாலு நொடி வாய் பார்த்துக்கொண்டு நிற்கும். வாங்கிய நிலையில் உள்ளே இருப்பது அமெரிக்க ஊகம்: ஒன்றில் தொடங்கினால் பதினோரு இலக்கம், 911 அவசர எண். அதாவது நாம் 108 அமுக்கினால் இன்னும் எட்டு எண் பாக்கி இருக்கிறது என்று அது காத்திருக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது நாலு நொடி சும்மா நிற்பது நியாயமில்லை. எனவே முதல் வேலையாக 100, 101, 108, 112 நான்கையும் அமுக்கியவுடன் போகும்படி எழுதினேன்.

அடுத்தது நம் எண்களின் கணக்கு. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அடிக்க முன்னால் 0 போட வேண்டும் என்று ஆனபோது எல்லோரும் முணுமுணுத்தோம். ஆனால் டயல் திட்டம் எழுதுகிறவனுக்கு அது வரம். மதுரையின் 0452-க்கு உள்ளூர் எண் ஏழு இலக்கம். விருதுநகரின் 04562-க்கும், திருமங்கலத்தின் 04549-க்கும், உசிலம்பட்டியின் 04552-க்கும் ஆறு இலக்கம். குறியீடு நீண்டால் எண் குறுகும். கூட்டினால் எப்போதும் 0-வோடு சேர்த்துப் பதினொன்று. செல்போனும் 0 போட்டால் பதினொன்று. ஆகவே ஒரே விதி: 0, அதன்பின் 0 அல்லாத ஓர் எண், அதன்பின் ஒன்பது எண்கள். தமிழ்நாட்டின் மூலைமுடுக்கும் இந்தியாவின் அத்தனை செல்போன்களும் அந்த ஒற்றை வரிக்குள் வந்துவிட்டன. உள்ளூருக்கு 2-இல் தொடங்கும் ஏழு இலக்கம் என்று இன்னொரு வரி. 1800 எண்கள் மட்டும் சில பத்து இலக்கம், சில பதினொன்று என்று முரண்டு பிடிக்கும். அவற்றுக்கு நாலு நொடி காத்திருப்பு போகட்டும் என்று விட்டுவிட்டேன். பன்னாட்டு அழைப்புக்கான 00-ஐ வேண்டுமென்றே எழுதவில்லை. லேண்ட்லைன் எண் அமைப்பையே பத்து இலக்கத்துக்கு மாற்றலாம் என்று 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்திருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால் ஏழு இலக்க வரியை அடித்துவிட வேண்டியதுதான். பதினோரு இலக்க வரி அப்போதும் நிற்கும்.

00-ஐ விட்டதற்குக் காரணம் மாமாவுக்கு துபாயில் ஆள் இல்லை என்பது மட்டுமல்ல. இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடி இணையம் முழுக்க இயந்திரங்கள் கதவு தட்டிக்கொண்டே இருக்கின்றன. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ நம் லைனில் ஏதோ தீவுக்குப் பேசி முடித்திருப்பார்கள், பில் நமக்கு. கடவுச்சொல்லை மாற்றுங்கள், பெட்டியை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், டயல் திட்டத்தில் தேவையில்லாததை எழுதாதீர்கள்.

அழைப்பைத் திருப்பும் ஸ்டார் குறியீடுகள் பற்றி ஒரு வார்த்தை. *72 அமுக்கி எண் கொடுத்தால் எல்லா அழைப்பும் அங்கே போகும், *73 அமுக்கினால் திரும்பி வரும். *78 போட்டால் தொந்தரவு செய்யாதே, *79 போட்டால் செய்யலாம். வட அமெரிக்கப் பழக்கம் அப்படியே வந்து இறங்கியிருக்கிறது. செல்போனில் நமக்குப் பழகிய குறியீடுகள் வேறு, அதனால் எதுவும் நினைவில் நிற்காது. கூப்பிட்டு ஏமாற்றி ஸ்டார் குறியீடு அமுக்கவைத்து அழைப்பையே திருடும் மோசடி பெருகி, 2024 ஏப்ரல் 15 முதல் செல்போனில் *401 வகைத் திருப்பலையே தொலைத்தொடர்புத் துறை நிறுத்தச் சொன்ன காலம் இது. கல்லாப் பக்கம் எடுபிடிப் பையன் *78-ஐத் தெரியாமல் அமுக்கி ஒரு மாலைப்பொழுது முழுக்க மணி அடிக்காமல் போனபின், ஸ்டார் குறியீடுகள் மொத்தத்தையும் அணைத்துவிட்டேன். எடுக்காவிட்டால் இருபது நொடியில் மாடி வீட்டுக்குத் திருப்பு என்ற ஒன்றை மட்டும் அமைப்புப் பக்கத்திலேயே நிரந்தரமாக எழுதினேன். அத்தை எடுத்து, “அவுக குடோன்ல இருக்காக, இருங்க கூப்பிடுறேன்” என்று சொல்லும் வசதிக்கு ஈடான மென்பொருள் இன்னும் வரவில்லை.

ஃப்ளாஷ் பொத்தானும் இப்படித்தான். அழைப்பை மாற்றிவிட அதை அமுக்க வேண்டும். பொத்தான் லைனை ஒரு கணம் வெட்டும். அந்தக் கணம் எவ்வளவு என்பதில் போனுக்குப் போன் வித்தியாசம், சிலவற்றில் 100 மில்லிநொடி, சிலவற்றில் 600. பெட்டி 300-க்குக் கீழே இருந்தால் கண்டுகொள்ளாது. கல்லாப் போன் 100 வகை. கணக்குப்பிள்ளை அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டு, “இது செத்த பட்டன் தம்பி” என்று தீர்ப்பு எழுதினார். கீழ் வரம்பை 80 ஆக்கியதும் பட்டன் உயிர்த்தெழுந்தது.

கல்லாப் போனின் மணிக்கு வருகிறேன். உள்ளே உண்மையான மணியும் சுத்தியலும் உள்ள பழைய போன் அது. நம் எக்ஸ்சேஞ்சுகள் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸில் மணி அடித்து வந்தன, இந்தப் பெட்டி 20 ஹெர்ட்ஸில் அதைவிடக் குறைந்த வோல்ட்டில் அடிக்கத் தொடங்கியது. மணி சோகமாக முனகியது. அதிர்வெண்ணை 25 ஆக்கி, வோல்ட்டை உச்சத்துக்கு ஏற்றி, 0.4, 0.2, 0.4, 2 என்று தாளத்தையும் எழுதியதும் கீழமாசி வீதிக்கே கேட்கும்படி அடித்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, போன் புதுசா?” என்றார். இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த முழுச் சந்தோஷம் அந்த ஒரு நிமிடம்.

மின்வெட்டு நேரத்தில் மட்டும் பழைய செம்புக் கம்பியை நினைத்து ஏங்க வேண்டியிருக்கிறது. அது எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட்டைக் கொண்டுவந்தது. ஊர் இருண்டாலும் போன் பேசும். இப்போது ஃபைபர் மோடம், ரூட்டர், இந்தப் பெட்டி மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். மூன்றுமே 12 வோல்ட் என்பதால் ஒரு சின்ன டி.சி. யு.பி.எஸ். போதுமானதாக இருக்கிறது.

சிந்தாமணி ரோட்டில் இன்னொரு குடோன் இருக்கிறது, இதே லைனை இணையம் வழியாக அங்கேயும், ஏன் கம்பத்துக்கும் கொண்டுபோகலாமே என்று மாமா கேட்டார். பெட்டியால் முடியும். நான் செய்யவில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையத் தொலைபேசி வழியே சாதாரண எண்களுக்குப் பேசவைக்க 2018-இல் வழி திறந்தது, பி.எஸ்.என்.எல். அந்த ஆண்டு ஜூலையில் ‘விங்ஸ்’ செயலியை அறிவித்ததும் அப்படித்தான். ஆனால் லேண்ட்லைன் அழைப்பை நாமே இணையத்தில் ஏற்றி ஊர்விட்டு ஊர் இறக்குவது வேறு சங்கதி. கள்ள எக்ஸ்சேஞ்ச் என்று செய்தித்தாளில் வருவதன் அடிப்படை அதுதான். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு வலையமைப்பு நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம். ஒரே கட்டடத்துக்குள் கடை, குடோன், மாடி என்று நிறுத்திக்கொண்டேன். சிந்தாமணிக்கு ஆள் அனுப்பிக்கொள்ளட்டும்.

வாங்கலாமா? பழைய எண்ணை விட மனமில்லாத, ஒரே கட்டடத்தில் நாலு மூலையில் ஆள் இருக்கிற எந்தக் கடைக்கும் வாங்கலாம். அமைப்புப் பக்கத்தில் உட்காரப் பொறுமையுள்ள ஒரு மருமகன் அமைந்தால் மட்டும். ஆள் வைத்துப் பொருத்துவதானால், வேலை முடிந்தது என்று அவர் சொன்னதும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அவரையே தன் செல்லிலிருந்து கடை எண்ணுக்கு அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துப் பேசுங்கள். அவரை முதலில் வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் எதையும் அமுக்காமல் சும்மா இருங்கள். பத்து நொடிக்குள் உங்கள் செயலி தானாக அடங்கினால் பணம் கொடுக்கலாம். மென்பொருளைப் புதுப்பித்த பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்; போன முறை புதுப்பித்தபோது நேர மண்டலம், மணி, கடவுச்சொல் எல்லாம் பத்திரமாக இருந்தன, துண்டிப்பு டோன் மட்டும் மறுபடி 480-க்கும் 620-க்கும் போய் உட்கார்ந்திருந்தது.